பச்சைக் குண்டூசி

ஜூன் 3, திங்கள்

வரைபடம் சுவரில் ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் தெருக்கள் வரை முழு ஊரும் அதில் இருக்கிறது. எங்கள் இல்லப் பராமரிப்பு மையத்தில் பதிந்திருக்கும் ஒவ்வொரு படுக்கை நோயாளிக்கும் ஒரு குண்டூசி. சிவப்பு என்றால் நர்ஸ் வாரம் இரண்டு முறை போக வேண்டும். மஞ்சள் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பச்சை என்றால் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

இதற்கு முன் என்ன முறை இருந்தது? போனில் யார் சத்தமாக அழுகிறார்களோ அவர்கள் வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கும். கவுன்சிலருடைய மச்சான் என்றால் அழக்கூட வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்து அதை ஒழித்தேன். நடக்க முடிகிறதா, தானாகச் சாப்பிட முடிகிறதா, புண் இருக்கிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறேன். ஆள் இருந்தால் மதிப்பெண் குறையும். சாதி, சொந்தம், சிபாரிசு எதற்கும் அதில் இடம் கிடையாது. பெருமையாகத்தான் எழுதுகிறேன். என் நோட்டு, என் பெருமை.

டாக்டர் அனந்தலட்சுமி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சோலைராஜ், நீ கலெக்டராப் போயிருக்கலாம்” என்றார். கிண்டல்தான். இருந்தாலும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது குழாயில் தண்ணீர் வந்து நின்றிருந்தது. அம்மா குடங்களில் பிடித்து வைத்திருந்தாள். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து தரச் சொன்னாள். அவ்வளவு இறுக்கமாக ஒன்றும் இல்லை.

ஜூன் 5, புதன்

நர்ஸ் ரெஜினாவும் நானும் ஆறு வீடு போனோம். வழக்கம்போல நேற்றே எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். சொல்லாமல் போய் நின்றால் மரியாதையாக இருக்காது.

பரமகுரு சார் வீடு மட்டும் மனதில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ட்ரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் தினகர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சார்தான் எல்லாம் பார்க்கிறார். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. தினகர் முகம் மழித்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாம்பிராணி வாசனை.

“எப்படி சார் சமாளிக்கிறீங்க?”

“நமக்கென்ன தம்பி கொறை? காலைல ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு. டிசிப்ளின் இருந்தா எதுவும் பாரம் இல்ல.”

காபி கொடுத்தார். டம்ளரை வைக்கும்போது இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ரெஜினா தினகரின் சட்டையைத் தூக்கிப் பார்க்கப் போனாள். “இப்பத்தாம்மா உடுத்திவிட்டேன், கசங்கிரும். நேத்துதான் தொடச்சி பவுடர் போட்டேன், சுத்தமா இருக்கு” என்றார். அவள் விட்டுவிட்டாள்.

இந்த ஊரில் எல்லாக் குடும்பமும் இவரைப் போல இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை. பச்சை.

ஜூன் 8, சனி

இன்று கோபம். தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் ஒரு வீடு. பக்கவாதம் வந்த கிழவர். மகன் டவுனில் மெக்கானிக். அப்பாவுக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டேன். “எங்க அம்மா பாத்துக்கிறாக சார், எனக்கு அந்த வெவரம் தெரியாது” என்றான், பல்லை இளித்துக்கொண்டு. முப்பது வயசு. பெற்ற அப்பன். மாத்திரை எத்தனை என்று தெரியவில்லை. இந்த நாட்டில் ஆம்பிளைப் பிள்ளைகளை நோயாளி வீட்டில் நாற்காலிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குப் பக்கவாதம்தான், இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் அங்கே பிரச்சினை இல்லை. அம்மா இருக்கிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

மதியம் குழம்பு மட்டும். பொரியல் இல்லை. அம்மாவைக் கேட்டேன். காய் நறுக்க வரவில்லை என்றாள். நறுக்க வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஜூன் 12, புதன்

சிந்தாமணி ஆச்சி இறந்துவிட்டார். அவர் வீட்டுக்குத் தினமும் அரை நாள் போய்வந்த உதவியாளர் மாரீஸ்வரி இப்போது காலி. மையத்தில் இப்படிப்பட்ட உதவியாளர்கள் நாலே பேர். ஒரு இடம் காலியாவது அபூர்வம். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் செய்வார்கள். அந்த அரை நாளில் வீட்டுக்காரர்கள் வெளியே போகலாம், தூங்கலாம்.

யாருக்கு மாரீஸ்வரியைக் கொடுப்பது? இந்த மாதக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும். டாக்டர் என்னையே பார்த்தார். சுவரைக் காட்டினேன். ஊசிகள் சொல்லும்.

ஜூன் 14, வெள்ளி

அருணகிரி முதலாளி போன் செய்தார். ஜவுளிக்கடைக்காரர். எங்களுக்கு ஆட்டோவும் டிரைவரும் கொடுத்திருப்பவர். அவர் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். வீட்டில் வேலைக்கு இரண்டு பெண்கள். கட்டில் பட்டனை அமுக்கினால் மேலே கீழே போகும்.

“அந்தப் பொண்ணு காலியா இருக்காமே? திங்கக்கெழமல இருந்து நம்ம வீட்டுக்கு அனுப்பிருங்க தம்பி. வேலக்காரிகளுக்கு அம்மாவத் தொடத் தெரியல.”

“பாத்துச் சொல்றேன் சார்” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து அத்தை அப்பாவைப் பார்க்க வருவதாகக் காலையில் போன் வந்தது. வருகிறவர் அப்பாவின் அக்கா. அம்மா எழுந்தாள். அப்புறம் நடந்ததை நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி பார்த்தேன்.

அப்பாவின் லுங்கியை உருவிவிட்டுப் புது வேட்டி சுற்றினாள். கறை பட்ட விரிப்பை எடுத்துக் கொல்லையில் ஒளித்தாள். பீரோவிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போடும் போர்வையை எடுத்தாள். அப்பாவுக்கு முகம் துடைத்து, பவுடர் அடித்து, திருநீறு பூசினாள். கடைசியில் சாம்பிராணி போட்டாள்.

அத்தை வந்தார். “எப்படித்தா சமாளிக்கிற, ஒத்தையில?”

அம்மா சிரித்தாள். “நமக்கென்ன மைனி கொறை?”

பேப்பரைக் கீழே வைத்தேன். அந்தச் சாம்பிராணி வாசனை. அதே வார்த்தை. அதே பவுடர்.

பரமகுரு சார் வீட்டை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது, நான் வருவேன் என்று தெரிந்து அவர் செய்து வைத்த வீடு. முதல் நாளே போன் செய்து சொல்லி, விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, “எப்படி சமாளிக்கிறீங்க” என்று கேட்டிருக்கிறேன். விருந்தாளியிடம் எவன் சொல்வான், முடியவில்லை என்று? அழத் தெரிந்தவனுக்கு ஆட்டோ போனதை ஒழித்தேன் என்று பீற்றிக்கொண்டேன். அழ வெட்கப்படுகிறவனுக்குப் பச்சை ஊசி குத்தியிருக்கிறேன்.

என்னைப் போல எத்தனை பேர் எத்தனை வீட்டில் காபி குடித்திருப்பார்கள்.

ஜூன் 17, திங்கள்

ரெஜினாவிடம் சொன்னேன். “அப்ப இனிமே போன் பண்ணாமப் போயிருவமா?” என்றாள். யோசித்துப் பார்த்தோம். மழிக்காத முகத்தோடு, அழுக்கு விரிப்போடு, பரமகுரு சாரைக் கையும் களவுமாகப் பிடிப்பதா? நாங்கள் என்ன போலீஸா? அந்த மனிதருக்கு மிச்சமிருப்பது அந்த இஸ்திரி மடிப்பு ஒன்றுதான்.

போன் செய்துதான் போக வேண்டும். கேள்வியை மாற்ற வேண்டும்.

மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதினோம். எப்படி இருக்கீங்க, எப்படி சமாளிக்கிறீங்க இரண்டும் போயின. நோயாளியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறவரைக் கேட்க வேண்டும். நேற்று எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தீர்கள்? நேற்று எப்போது படுத்தீர்கள்? நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா, நின்றுகொண்டா? கடைசியாக எந்த விசேஷத்துக்குப் போனீர்கள்? உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கூடாது. எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். புலம்ப வெட்கப்படுகிறவர்கள்கூட, நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். “வீட்டில் ஆள் உண்டு என்றால் மதிப்பெண் குறையும்” என்ற வரியை அடித்தேன்.

“நல்லா எழுதுற சோலை” என்றாள் ரெஜினா. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

பரமகுரு சார் வீடு. அதே கண்ணாடி, அதே சாம்பிராணி. தினகர் நீலச் சட்டையில் இருந்தான். காபி வந்தது. குடித்தேன்.

“சார், நேத்து தினகரை எத்தன தடவ புரட்டிப் படுக்க வச்சீங்க?”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். நாற்பது வருடம் வருகைப்பதிவு எடுத்த மனிதர். எண்ணிக்கையில் பொய் சொல்ல அவருக்கு வராது என்று அப்போதுதான் தெரிந்தது.

“ரெண்டு.”

“எத்தன தடவ பண்ணணும் சார்?”

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. டாக்டர் சொல்லியிருக்கார்.”

“எதுனால சார் முடியல?”

“முடியலன்னு நான் சொல்லலையே.” இடது கை மறுபடியும் இடுப்புக்குப் போனது. “குடலிறக்கம். போன வருசத்துல இருந்து இருக்கு. தூக்குனா எறங்குது. பெல்ட் போட்டுத்தான் தூக்குறேன். ரெண்டு தடவைக்கு மேல தூக்குனா நான் விழுந்துருவேன். நான் விழுந்தா இவன யாரு தூக்குவா?”

தினகர் முதல் முறையாகப் பேசினான். “அப்பா, என் சட்டையக் கழட்டுங்க. அக்கா பாக்கட்டும்.”

“கசங்கிரும்டா.”

“கசங்கட்டும்ப்பா.”

ரெஜினா பார்த்தாள். முதுகுக்குக் கீழே, அவள் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவள் முகம் மாறவில்லை. வேலை தெரிந்தவள். சுத்தம் செய்துகொண்டே தினகரிடம் கிரிக்கெட் பற்றிப் பேசினாள். சார் சுவரைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றார்.

வெளியே வந்ததும் ரெஜினா சொன்னாள்: “இன்னும் ரெண்டு வாரம் இப்படியே விட்டா எலும்புக்கு எறங்கிரும். அப்புறம் நான் வந்து ஒண்ணும் செய்ய முடியாது, சோலை.”

ஆபீஸுக்கு வந்து பச்சையைப் பிடுங்கினேன். சிவப்பு. மாரீஸ்வரி எங்கே போக வேண்டும் என்பதில் இனி எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜூன் 19, புதன்

இரண்டு பச்சை வீட்டுக்குப் போய்ப் புதுக் கேள்விகளைக் கேட்டோம். இரண்டும் மஞ்சளாயின. டீக்கடையில் ரெஜினா கேட்டாள்: “உங்க அப்பாவுக்கும் ஸ்ட்ரோக்தானே? வரைபடத்துல உங்க தெருவுல ஊசியே காணமே?”

“சொந்த வீட்டுக்குச் சலுகை எடுக்குற ஆள் நான் இல்ல” என்றேன்.

“சலுகை வேற, வரிசை வேற.”

“அங்க அம்மா இருக்காங்க சிஸ்டர்.”

அவள் டீயை ஊதிக் குடித்தாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 21, வெள்ளி

கூட்டம். டாக்டர், நான், ரெஜினா, அருணகிரி முதலாளி. அவர் வரும்போதே முடிவோடு வந்தார்.

“யாரோ ட்ரில் வாத்தியாராம்ல. அவரு மகனப் பாக்க அவரே இருக்காரு. எங்க வீட்ல அம்மாவுக்கு ஒரு அவசரம்னா?”

“உங்க வீட்ல நேத்து அம்மாவ எத்தன தடவ புரட்டிவிட்டாங்க சார்?”

“அதெல்லாம் வேலக்காரிகளக் கேட்டாத் தெரியும்.”

“நேத்து நானும் சிஸ்டரும் உங்க வீட்டுக்குப் போய்க் கேட்டோம் சார். ராத்திரியும் பகலும் மாத்தி மாத்திப் பாத்துக்கிறாங்க. உங்க அம்மா ஒடம்புல ஒரு செவப்புகூட இல்ல. அந்த ரெண்டு பேருக்கும் அம்மாவத் தொடத் தெரியும். நீங்கதான் பாக்கல.”

அவர் முகம் கறுத்தது. “எங்க ஆட்டோலதானப்பா நீங்க ஊர் சுத்துறீங்க?”

“ஆட்டோ உங்களோடது சார். மாரீஸ்வரியோட அரை நாள் உங்களோடது இல்ல.”

“சோலை, தண்ணி குடி” என்றார் டாக்டர். குடித்தேன். பிறகு டாக்டர் எழுந்து சுவருக்குப் போய்த் தினகரின் சிவப்பு ஊசியை விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். “திங்கக்கிழமைல இருந்து மாரீஸ்வரி இங்க போறா. உங்க அம்மாவ நான் ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன், அருணகிரி. டாக்டரா வர்றேன்.”

என் வாழ்க்கையில் இதுவரை நான் பார்த்த நல்ல காட்சி அதுதான்.

ஜூன் 22, சனி

ஆட்டோ வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

இன்றும் வரவில்லை. இனி வராது. என் பைக்கில் ரெஜினா பின்னால், மருந்துப் பெட்டி நடுவில். ரயில்வே கேட்டில் மாட்டி வெயிலில் நின்றோம். “ஜவுளிக்கடைத் துணியே இனி வாங்கக் கூடாது” என்றாள். “நம்ம எப்ப வாங்குனோம்?” என்றேன். சிரித்தோம். ஆறு வீடு போக வேண்டியது, நாலுதான் முடிந்தது. விட்டுப்போன இரண்டையும் நாளைக்கு முதலில் பார்க்க வேண்டும். ஆட்டோ இல்லாமல் வரிசையைக் காப்பாற்றுவது இன்னும் கடினமாக இருக்கும். இருக்கட்டும்.

மாரீஸ்வரி முதல் நாள் போயிருக்கிறாள். சார் அவளுக்கும் காபி கொடுத்திருக்கிறார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டாராம். கிளம்பும் நேரத்துக்கு எழுப்பினால், “யாரு தூங்குனா? கண்ண மூடி இருந்தேன்” என்றாராம்.

ஜூன் 27, வியாழன்

காலையில் தோசை கருகியிருந்தது. அம்மா அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணை மூடியிருந்தாள். “அம்மா” என்றேன். “யாரு தூங்குனா?” என்றாள்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.

மாலை வரைபடத்தில் எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலியாக இருந்தது. ரெஜினா கிளம்பும்போது சொன்னேன்: “செவ்வாக்கிழமை எங்க வீட்டுக்கு வரணும். நான் கேட்கக் கூடாது. நீங்க கேளுங்க.”

“போன் பண்ணிட்டுத்தானே வரணும்?”

“ஆமா. அம்மாவுக்கு முன்னாடியே சொல்லணும்.”

ஜூலை 2, செவ்வாய்

அம்மாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். காலையிலிருந்து புது வேட்டி, போர்வை, திருநீறு. சாம்பிராணி எடுத்தபோது என்னைப் பார்த்தாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல. தீக்குச்சி கிழிக்க அவளுக்கு வரவில்லை. நான் கிழித்துக் கொடுத்தேன்.

ரெஜினா வந்தாள். சொந்தக்காரன் மதிப்பெண் போடும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது நான் எழுதிய விதி. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது.

“அம்மா, கடைசியா எந்த விசேஷத்துக்குப் போனீங்க?”

“விசேஷமா? எங்கம்மா போறது. எங்க அண்ணன் மக சடங்குக்கே போகல. இந்தா, அவ கல்யாணமே இந்த ஆனிக் கடைசில வருது.”

“இப்பக் கொஞ்ச நாளா எந்த வேலைய விட்டுட்டீங்க?”

“காய் நறுக்குறத விட்டுட்டேன். மணிக்கட்டு திரும்ப மாட்டேங்குது. துணி பிழிய மாட்டேன், அப்படியே தொங்கப் போடுறேன். நம்ம வீட்டுக்குள்ளதான, யாரு பாக்கா.”

“நேத்து எப்பம்மா படுத்தீங்க?”

அம்மா சிரிப்பது கேட்டது. அத்தையிடம் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இல்லை. “படுக்கல தாயி. சுவத்துல சாஞ்சுக்கிட்டேன். படுத்தா அவுக கூப்புடுறது கேக்காது.”

பிறகு அம்மா கேட்டாள்:

“இப்படியெல்லாம் யாரும் கேட்டதில்ல. நல்ல கேள்வியா இருக்கு. இத யாரு எழுதுனது?”

“உங்க மகன்தான்மா.”

“எங்க சோலையா?” அம்மாவின் குரலில் அவ்வளவு பெருமை. “பாரேன்! எங்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல.”

குடம் நிரம்பியிருந்தது. அடுத்த குடத்தை வைத்தேன்.

ஜூலை 3, புதன்

மஞ்சள். ரெஜினா போட்ட மதிப்பெண்ணை டாக்டர் சரிபார்த்தார். எங்களுக்கு முன்னால் எட்டு வீடு இருக்கிறது. அடுத்து ஒரு உதவியாளர் காலியானால் அந்த எட்டுக்குப் பிறகுதான். நியாயமான இடம். ஊசியை நானே குத்தினேன்.

தினகரின் புண் ஓரத்தில் சிவந்த புதுச் சதை வந்திருக்கிறதாம். “ஆறும்” என்றாள் ரெஜினா. அவள் சாதாரணமாக அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள். சார் அடுத்த வாரம் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். “டிசிப்ளின் வேணும்ல” என்றாராம்.

அப்பாவுக்கு ஐந்து மாத்திரை. காலையில் மூன்று, இரவில் இரண்டு.

ஜூலை 14, ஞாயிறு

தண்ணீர் வந்தது. நான் பிடித்தேன்.

அம்மா மாமா மகள் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டை போயிருக்கிறாள். நீலப் பட்டு. கொசுவம் வைக்க மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து வைத்துவிட்டார். பஸ் ஏறும்போது, “அப்பாவப் பாத்துக்கிருவியால?” என்றாள்.

இதுவரை நாலு தடவை புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். மதியம் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன்.